கண்மாய்க் கரையில் முக்கால் மணி நேரம்: பறவை பார்க்கத் தொடங்குவது எப்படி?

அம்மா பக்கவாதத்தில் படுத்த பிறகு, எனக்கென்று மிஞ்சியது காலையில் முக்கால் மணி நேரம்தான். அக்கா வந்து பார்த்துக்கொள்ளும் அந்த நேரத்தில் ஊர்க் கண்மாய்க்குப் போக ஆரம்பித்தேன். நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது அங்கேதான். அங்கே பறவை பார்ப்பதை எப்படித் தொடங்குவது என்று கேட்டவர்களுக்காக இது.

முதலில் இடம். அரிய பறவை தேடி அலைய வேண்டாம். கொஞ்சம் தண்ணீர், ஒரு மரம், ஆள் நடமாட்டம் குறைவு. அவ்வளவு போதும். வெயில் உங்கள் முதுகில் விழட்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

அப்புறம் உட்கார வேண்டும். நான் ஒரு வாரம் தவறவிட்டது இதைத்தான். கரையில் நடந்துகொண்டே தேடினேன். ஆளைக் கண்டதும் ஆட்காட்டிக் குருவி கத்தும், மடையான் என்கிற சின்னக் கொக்கு எழுந்து பறக்கும், கண்மாய் காலியாகிவிடும். எட்டாம் நாள் கால் வலித்து, மடைக்குப் பக்கத்தில் கருவேல நிழலில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்காட்டி விடாமல் கத்தியது. பத்து நிமிடம் கழித்து ஓய்ந்தது. அப்போது, மண்கட்டி என்று நான் நினைத்திருந்த ஒன்று எதிரே கழுத்தை நீட்டியது. மடையான்! நிற்கும்போது பழுப்புக் கோடுகளோடு சேற்றோடு சேறாக இருக்கும். பறந்தால்தான் சிறகின் வெள்ளை தெரியும். அது மீனுக்குக் காத்திருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று திரும்பி நடக்கும்போதுதான் அடுத்த மாத்திரை நேரம் ஞாபகம் வந்தது.

ஆகவே ஆட்காட்டிதான் உங்கள் கடிகாரம். அது ஓயும்வரை அசையாதீர்கள். ஓய்ந்ததும் ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரண்டுக் கம்பியில் இருக்கும் இரட்டைவால் குருவி நல்ல தொடக்கம். பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு, பெரும்பாலும் அதே கம்பிக்கே திரும்பி வரும்.

பைனாகுலர் முதல் மாதம் தேவையில்லை. வாங்கினால் 8-க்கு 42 (8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மி.மீ. அகலம்) வாங்குங்கள். 20 மடங்கு என்று கடையில் காட்டுவதை வேண்டாம் என்பேன். கை நடுங்கினால் பறவையும் நடுங்கும். பெயர் சொல்லும் மெர்லின் செயலி இலவசம், நல்லதும்கூட. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு திறந்து பாருங்கள். கரையில் போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

பின்சேர்க்கை: கண்ணாடி போடுபவர்களுக்குப் பைனாகுலரில் ஓரமெல்லாம் இருட்டாகத் தெரிகிறதாம். கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தை மடக்கியோ திருகியோ உள்ளே தள்ளுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்று. வீட்டைவிட்டு நகரவே முடியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். அம்மாவின் கட்டிலை ஜன்னலோரம் போட்டு, வெளித் திண்டில் அகலமான மண்தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் வைத்தேன். மூன்று நாள் காக்கை மட்டும்தான். பிறகு தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வரத் தொடங்கின. அம்மா அசைகிற கையால் எண்ணிக் காட்டுகிறார். தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டை வைக்கும்.