‘அசிட்டாபுலம்’: ஒரு சொல்லைக் கையில் பிடித்துப் படிப்பது எப்படி

பிசியோதெரபி படிக்க வரும் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டுப் பாடம் எடுக்கும்போது நான் முதலில் படத்தைக் காட்டுவதில்லை. கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து, ஆட்டின் பின்னந்தொடையை இடுப்பெலும்போடு துண்டு போடாமல் வாங்கிவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மூட்டைச் சுற்றியுள்ள சவ்வைக் கீறிவிட்டுத் தொடையெலும்பை இழுங்கள். எளிதில் வராது. காற்று உள்ளே புகுந்த பிறகுதான் நெகிழும். அப்போதும் நடுவில் குட்டையான ஒரு நார் பிடித்துக்கொண்டிருக்கும். அதை அறுத்தால் எலும்பின் பந்து கழன்றுவிடும். இடுப்பெலும்பில் வழவழவென்று ஒரு குழி மிஞ்சும். அதுதான் அசிட்டாபுலம்.

கட்டைவிரலை அந்தக் குழிக்குள் வைத்துக்கொண்டே சொல்லைப் பிரியுங்கள். ‘அசிட்டம்’ என்றால் லத்தீனில் காடி, அதாவது வினிகர். பள்ளியில் படித்த அசிட்டிக் அமிலத்துக்கும் இதுதான் வேர். பின்னால் வரும் ‘புலம்’, ஒன்றை வைத்துக்கொள்ளும் கலத்தைக் குறிக்கும் ஈறு. ரோமானியர் சாப்பாட்டு மேசையில் காடி ஊற்றி வைத்த கிண்ணத்தின் பெயர் இது. பிறகு அதுவே ஓர் அளவைக்கும் பெயரானது: ஏறத்தாழ 68 மில்லி, அரை ஆழாக்குக்கும் குறைவு.

இந்த ஈற்றில் மட்டும் அவசரப்படாதீர்கள். ‘புலம்’ என்றால் ‘சிறிய’ என்று பொருள் எழுதிய விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். ‘சிறிய’ என்ற பொருள் தருவது ‘உலம்’ என்ற ஈறு. முழங்கை மூட்டில் வரும் ‘கேபிட்டுலம்’ அப்படிப்பட்டது. ‘கேபுட்’ என்றால் தலை, ஆகவே குட்டித் தலை. ‘புலம்’ வந்தால் கலமாகவோ இடமாகவோ இருக்கும். தேவாலயத்தில் ஆட்டும் தூபக்கால் லத்தீனில் ‘துரிபுலம்’. மாடு, குதிரை நிற்கும் தொழுவம் ‘ஸ்டாபுலம்’. அசிட்டாபுலத்தோடு இந்த இரண்டையும் சேர்த்து எழுதிவைத்துக்கொண்டால் பிறகு குழப்பமே வராது.

மனிதரில் இந்தக் கிண்ணம் ஒரே எலும்பல்ல. இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்ற மூன்றும் கவட்டை வடிவக் குருத்தெலும்பில் சந்தித்து, பதின்ம வயதில் ஒட்டிக்கொள்கின்றன. வளரும் பிள்ளையின் எக்ஸ்ரேயில் அங்கே கோடு தெரிந்தால் முறிவு என்று பயந்துவிடக் கூடாது.

விலங்கியல் புத்தகத்தில் இதே சொல்லைக் கண்டால் எலும்பைத் தேடாதீர்கள், கிண்ண வடிவத்தைத் தேடுங்கள். முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி ஆக்டோபஸின் உறிஞ்சிகளை இந்தச் சொல்லால்தான் குறித்தார். இன்று அந்த உறிஞ்சியின் உள்ளறைக்கு இந்தப் பெயர். ஆட்டு ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவின் வயிற்றுப்பக்க உறிஞ்சிக்கும் இதே பெயர்தான். வாயைச் சுற்றியுள்ள உறிஞ்சிக்கு அல்ல.

கடைசியாக, வேகவைத்த கோழியின் இடுப்பெலும்பைச் சுத்தம் செய்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஆட்டில் குழியாக இருந்த இடம் கோழியில் அடிப்பாகமே இல்லாத துளையாக இருக்கும், விளக்கொளி ஊடே தெரியும். டைனோசர்களுக்கும் அந்த இடத்தில் துளைதான். அதற்கும் பெயர் அசிட்டாபுலமே.