முதல் தனிப் பயணம் பிரான்ஸுக்கா? கிழமையைப் பாருங்கள்

ஒரு வியாழக்கிழமை காலை பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கினேன். போகும் முன் படித்த எல்லா இடத்திலும், பாரிஸ் மெட்ரோவிலும் ரயிலிலும் செல்லும் நவிகோ வார பாஸ் வாங்கச் சொல்லியிருந்தார்கள். வரிசையில் நின்று வாங்கினேன். அட்டைக்கு 5 யூரோ, அதில் ஒட்ட ஒரு சின்னப் போட்டோ, பாஸுக்குத் தனிக் காசு. ஏழு நாளைக்கு டிக்கெட் கவலை விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். திங்கட்கிழமை காலை மெட்ரோ கதவில் அட்டையை வைத்தால் சிவப்பு விளக்கு. நாலு தடவை வைத்துப் பார்த்தேன். பின்னால் நின்றவர்களின் பெருமூச்சு காதில் விழுந்தது.

அங்கே 'வாரம்' என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்ற கணக்கு கிடையாது. ஏழு நாளுக்குக் காசு கொடுத்துவிட்டு நாலு நாள் பயணம் செய்திருந்தேன்.

பிரான்ஸில் சிக்கனமாகச் சுற்ற நினைப்பவர்கள் விலையைத்தான் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். எனக்குக் காசு போனதெல்லாம் கிழமை பார்க்காததால், மணி பார்க்காததால். அந்த நாட்டில் ரயில் கதவு, சமையலறை, அருங்காட்சியகம் எல்லாமே ஒரு நேரத்துக்குக் கட்டுப்பட்டவை. தனியாகப் போகும்போது 'டேய், இன்னைக்குச் செவ்வாய்டா' என்று ஞாபகப்படுத்தவும் பக்கத்தில் ஆள் இருக்காது.

அந்த பாஸ் கணக்கையே முடித்துவிடுவோம். 2025 விலைப்படி விமான நிலையத்துக்குப் போகவோ வரவோ ஒரு டிக்கெட் 13 யூரோ. நகருக்குள் மெட்ரோ, ரயில் டிக்கெட் 2.50. வார பாஸ் 31.60, விமான நிலையப் பயணமும் அதில் அடக்கம். ஜனவரி தோறும் இவை கொஞ்சம் ஏறும். திங்களோ செவ்வாயோ இறங்கி, அந்த ஞாயிற்றுக்குள் அதே விமான நிலையத்திலிருந்து கிளம்புகிறவருக்கு வார பாஸ் கொள்ளை லாபம்: போக வர 26 யூரோ, நடுவில் ஐந்து மெட்ரோ ஏறினாலே அட்டைக் காசையும் சேர்த்துக் கணக்கு தாண்டிவிடும். வியாழக்கிழமை இறங்குகிறவருக்கு வேண்டாம். 2 யூரோவுக்கு நவிகோ ஈஸி அட்டை வாங்கி, தேவைக்கு ஏற்ப ஒற்றை டிக்கெட் ஏற்றிக்கொண்டால் போதும். வெள்ளிக்கிழமை முதல் அடுத்த வாரத்து பாஸைத்தான் விற்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்புறம், வெளியே வரும் வரை அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள். பரிசோதகர் நடுவழியில் மறித்தால் அங்கேயே அபராதம்தான். சுற்றுலாப் பயணி, தெரியாது என்றெல்லாம் சொல்லி எடுபடாது.

சரி, கிளம்புவதற்கு முன்பே செய்யும் தவறுகளுக்கு வருவோம்.

விசா கைக்கு வரும் முன்பே, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை 'ஆஃபர்' என்று வாங்கிவிடுவது முதல் தவறு. பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரைகூட இழுக்கும். கோடைக்கு முன்னால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அது திரும்ப வராது. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பிரான்ஸோடு பக்கத்து நாட்டையும் சேர்க்கிறவர்கள், எங்கே அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். 'அப்படியே லண்டனையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்' என்ற ஆசை இருந்தால், அதற்குத் தனி விசா வேண்டும்; திரும்பி வர ஷெங்கனில் பலமுறை நுழையும் அனுமதியும் வேண்டும்.

அடுத்தது, பத்து நாளில் ஆறு ஊர். காகிதத்தில் அழகாக இருக்கும். பாரிஸிலிருந்து லியோன் 2 மணி நேரம், மார்செய் 3 மணி நேரத்துக்குச் சற்று அதிகம், ஸ்ட்ராஸ்பூர் 2 மணி நேரத்துக்கும் குறைவு. ரயில் வேகம்தான். ஆனால் ஒவ்வொரு ஊர் மாற்றத்திலும் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்து, மாலை 3 மணி வரை அடுத்த அறைக்குக் காத்திருந்து, நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது இருக்கிறதே, அதில் அரை நாள் போய்விடும். இரண்டு பேராகப் போனால் ஒருவர் பெட்டியைப் பார்த்துக்கொள்வார், இன்னொருவர் கழிப்பறைக்குப் போவார். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குள் 55 × 35 × 20 செ.மீ.க்கு மேற்பட்ட பெட்டியை விடவே மாட்டார்கள். அறையைக் காலி செய்த நாளில் பெட்டியோடு அருங்காட்சியகம் போகலாம் என்ற திட்டம் வாசலிலேயே முடிந்துவிடும்.

பத்து நாளுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று தங்குமிடம் என்பது என் கட்சி. பாரிஸ், லியோன், அவிஞோன் என்று ஒரே கோட்டில் இறங்கி, தெற்கே மார்செயிலோ நீஸிலோ விமானம் ஏறினால் வந்த வழியே திரும்பும் செலவு மிச்சம். ஸ்ட்ராஸ்பூரில் தங்கினால் கொல்மார் அரை மணி நேர ரயில் தூரம். அங்கே தனியாக அறை எடுக்கத் தேவையில்லை. கிராமங்கள் விஷயத்தில் மட்டும் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். லாவெண்டர் வயல்களுக்குப் பேர் போன வலான்சோலுக்குக் கார் இல்லாமல் போய்வருவது கஷ்டம். ஜூலை நடுவில் அறுவடையும் தொடங்கிவிடும். அதற்குப் பதில் லுவார் பள்ளத்தாக்கில் ஷெனோன்சோ மாளிகை பாருங்கள். தூர் நகரிலிருந்து உள்ளூர் ரயில் ஏறினால் மாளிகை வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம்.

ரயில் டிக்கெட்டில் ஒரு வேறுபாடு புரிந்தால் பாதிப் பணம் மிச்சம். அதிவேக டிஜிவி டிக்கெட், விமான டிக்கெட் மாதிரி; நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். அதன் மலிவுத் தம்பி வீகோ. ஊர்களை இணைக்கும் டிஇஆர் ரயில்களில் பெரும்பாலும் ஒரே விலைதான். அன்று காலையில் போய் வாங்கினாலும் பெரிதாக நஷ்டமில்லை. ஆகவே டிஜிவியை மாதங்களுக்கு முன்பே போடுங்கள், டிஇஆரை விட்டுவிடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். வீகோவில் ஒரு சின்னப் பெட்டி, ஒரு கைப்பைதான் இலவசம். அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாயோடு பெரிய சூட்கேஸ் கொண்டுபோனால் அதற்குத் தனிக் கட்டணம். ஐரோப்பா முழுக்கச் செல்லும் யூரெயில் பாஸ் வைத்திருந்தாலும் டிஜிவியில் தனியாக இருக்கை முன்பதிவு செய்து காசு கட்ட வேண்டும். பிரான்ஸை மட்டும் சுற்றுகிறவருக்கு அது பெரும்பாலும் வீண்.

நிலையத்தின் பெயரையும் ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். 'கார் து லியோன்' இருப்பது பாரிஸில். லியோன் பக்கம் போகும் ரயில்கள் புறப்படும் நிலையம் என்பதால் அந்தப் பெயர். நம்ம எழும்பூர் மாதிரி ஊர்ப்பெயர் என்று நினைத்துவிடக்கூடாது. பாரிஸில் இப்படிப் பெரிய நிலையங்கள் ஆறேழு உண்டு. போர்தோ பக்கம் என்றால் மோன்பர்னாஸ், ஸ்ட்ராஸ்பூர் என்றால் கார் து லெஸ்த். தெற்கே எக்ஸ் ஆன் ப்ரோவான்ஸில் டிஜிவி நிலையம் ஊரிலிருந்து சுமார் 15 கி.மீ. வெளியே; பஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விமானத்திலும் இதே கதைதான். 'பாரிஸ் போவே' என்று மலிவு விலையில் காட்டும் விமான நிலையம் பாரிஸிலிருந்து 80 கி.மீ.க்கு மேல். இன்னொன்று: டிஜிவி கதவுகள் புறப்படும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே மூடிவிடும். கண் முன்னால் ரயில் நிற்கும், ஏற முடியாது.

சாப்பாட்டு மணி

அவிஞோனில் கோட்டைச் சுவரெல்லாம் சுற்றிவிட்டு ஓர் உணவகத்துக்குப் போனபோது மணி 2.40. வெளியே நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், கரும்பலகையில் அன்றைய சாப்பாடு சாக்பீஸில் எழுதியிருந்தது. பரிமாறுபவர் என்னைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சமையலறை மூடியாயிற்று, உட்கார்ந்திருந்தவர்கள் காபிதான் குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மூன்று இடத்திலும் இதேதான். கடைசியில் சுற்றுலாக் கூட்டத்துக்கென்றே திறந்திருந்த ஒரு கடையில், காய்ந்த சாண்ட்விச் ஒன்றுக்கு முழுச் சாப்பாட்டுக் காசு கொடுத்தேன்.

மதியச் சாப்பாடு 12 முதல் 2 மணி. இரவு 7 மணிக்கு மேல்தான். நடுவில் ஊர் பட்டினி. மதியத்தில் 'ப்ளா து ஜூர்', அதாவது அன்றைய சாப்பாடு, இரவு விலையைவிடக் கணிசமாகக் குறைவு. அதனால் நல்ல சாப்பாட்டை மதியம் வைத்துக்கொண்டு, இரவுக்கு ரொட்டி, சீஸ், பழம் என்று சூப்பர்மார்க்கெட்டில் முடிப்பது லாபம். தண்ணீர் கேட்கும்போது 'உன் கராஃப் தோ' என்று சொன்னால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். வெறுமனே 'வாட்டர்' என்றால் பாட்டில் வரும், பில்லும் வரும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. கபேக்களில் காபியைக் கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, வெளியே உட்கார்ந்து குடித்தால் கூடுதல் விலை.

சைவக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். 'கறி இல்லாமல்' என்று கேட்டால் சிலர் மீனையோ, பன்றி இறைச்சித் துணுக்கு தூவிய சாலட்டையோ கொண்டுவந்து வைப்பார்கள். முட்டை ஊற்றிச் சுடும் கிஷ் லொரேனிலும் அந்தத் துணுக்குதான் இருக்கும். 'சான் வியாந்த், சான் புவாசோன்' என்று கறி, மீன் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாரிஸில் நாக்கு செத்துப்போனால் கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் நடந்தாலே லாச்சப்பல். ஈழத்தமிழர் கடைகள், இடியப்பம், கொத்து ரொட்டி, பக்கத்தில் மாணிக்க விநாயகர் கோயில். நகரின் நடுவே பசியாற அதைவிட மலிவான இடம் எனக்குத் தெரிந்து குறைவு.

எதைக் கேட்பதானாலும் முதலில் 'போன்ஜூர்'. இதை மரியாதைப் பாடமாகச் சொல்லவில்லை, காரியம் நடக்கச் சொல்கிறேன். நாம் கடையில் நுழைந்ததும் 'அண்ணே, ஒரு டீ' என்று நேராக விஷயத்துக்குப் போய்விடுவோம். அங்கே அப்படி ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் முகம் இறுகிவிடும். ரொட்டிக் கடையோ, டிக்கெட் கவுன்டரோ, பஸ் ஓட்டுநரோ, கண்ணைப் பார்த்து 'போன்ஜூர்' சொல்லி, பதில் வந்த பிறகு கேளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்ற பேச்சில் பாதி இந்த ஒரு சொல்லை விட்டதால் வந்தது என்பது என் எண்ணம். தனியாகப் போகிறவருக்குப் பிறர் உதவிதான் துணை. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூடியிருக்கும் நாள்

லூவருக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள். போம்பிடு கலை மையம் 2025 செப்டம்பரில் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது. 2030 வரை திறக்காது. மே மாதத்தில் அரசு விடுமுறைகள் வரிசையாக வரும். மே 1 அன்று அநேகமாக எல்லாமே மூடியிருக்கும். ஆகஸ்டில் பல சின்னக் கடைக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டு அவர்களே சுற்றுலா போய்விடுகிறார்கள்.

'26 வயதுக்குள் இலவசம்' என்று படித்துவிட்டு நம்பிப் போகாதீர்கள். அந்தச் சலுகை ஐரோப்பியப் பகுதியில் வசிப்பவர்களுக்கு. சுற்றுலா விசாவில் போகும் நமக்கு 18 வயதோடு சரி. லூவரில் 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ. அந்தக் காசு கனக்கிறது என்றால் பெத்தி பலே, கார்னவாலே போன்ற பாரிஸ் நகராட்சி அருங்காட்சியகங்களின் நிரந்தரத் தொகுப்புகள் எல்லோருக்கும் இலவசம். ஓர்சே மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், முன்பதிவு வேண்டும். 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர தாம் தேவாலயத்துக்குள் நுழைய எப்போதும் காசு கிடையாது. அதற்கு யாராவது டிக்கெட் விற்றால் அது ஏமாற்று.

ஏமாற்று என்றதும், பாரிஸின் மோன்மார்த்ர் குன்றுப் படிக்கட்டில் கையைப் பிடித்து நூல் கட்ட வருபவர்கள், மனுவில் கையெழுத்து கேட்கும் பெண்கள், தரையிலிருந்து மோதிரம் 'கண்டெடுத்து' நீட்டுபவர்கள்: மூவருக்கும் பதில் நிற்காமல் நடப்பது. மெட்ரோவில் கதவோரம் நின்று போனைப் பார்க்காதீர்கள். கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பாஸ்போர்ட்டும் ஒரு கார்டும் ஓரிடத்தில், இன்னொரு கார்டும் கொஞ்சம் ரொக்கமும் வேறிடத்தில் இருக்கட்டும். தனி ஆளின் பர்ஸ் போனால் கடன் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் ஊரிலேயே திறந்து வையுங்கள். புது கார்டுகளில் அது மூடித்தான் வரும். கடை இயந்திரம் 'ரூபாயிலா, யூரோவிலா' என்று கேட்டால் யூரோ. ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் ஒரு துண்டு போய்விடும். ஐஃபெல் கோபுரத்தில் யுபிஐ வந்துவிட்டது என்ற செய்தியை நம்பி ரொட்டிக் கடையில் கியூஆர் தேடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தனித் திட்டம் வேண்டும். மதியத்துக்கு மேல் பல கடைகள் மூடிவிடும், உள்ளூர் பஸ்ஸும் குறையும். பயணத்தின் இரண்டாவது ஞாயிறு நான் லியோனில் இருந்தேன். புத்தி வந்திருந்ததால், காலையிலேயே சோன் ஆற்றங்கரைச் சந்தைக்குப் போய் ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், நாலு தக்காளி, ஒரு கை நிறைய செர்ரி வாங்கிவிட்டேன். ஒரு மணிக்கு வியாபாரிகள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆற்றோரப் படிக்கட்டில் உட்கார்ந்து தக்காளியை நறுக்க ஆரம்பித்தேன். உப்பு வாங்க மறந்துபோயிருந்தேன். பக்கத்துப் படியில் இருந்த பாட்டியிடம் 'போன்ஜூர்' என்றேன். ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.