தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் ஃபிட்டர் வேலை எனக்கு. ஷிப்டு முடிந்து பொழுது சாய்ந்த பிறகுதான் மலைச் சைக்கிளை எடுக்க முடியும். ஜெராம் பக்கத்துக் கடலோர மண்கரையில் இரவில் ஓட்ட ஆசைப்படும் தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது, “அண்ணே, எந்த லைட் வாங்கலாம்?” என்றுதான். லைட் பிறகு. முதலில் கடலைப் பாருங்கள்.

கிள்ளான் துறைமுகத்தின் ஏற்ற இறக்க அட்டவணை கைப்பேசியிலேயே கிடைக்கும். நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் எட்டு மணிக்குக் காய்ந்து கிடந்த பாதை இந்த வாரம் அதே எட்டு மணிக்கு ஈரமாக இருக்கலாம். நிலா வெளிச்சத்தை நம்பிப் பௌர்ணமிக்குக் கிளம்பாதீர்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில்தான் கடல் மிக உயரமாக ஏறும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்கள் நல்லவை: ஏற்றம் குறைவு, அரை நிலா நள்ளிரவு வரை மேலே நிற்கும். வீட்டு நாட்காட்டியைப் புரட்டினால் போதும். தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகு புறப்படுங்கள். குறுக்குவழி என்று கரையை விட்டுச் சேற்றில் இறங்கவே வேண்டாம்.

இப்போது லைட். இரண்டு வேண்டும். ஹேண்டில்பாரில் பிரகாசமானது, 800 லூமென் அளவு. தாழ்வாக இருப்பதால் பள்ளத்தின் நிழல் தெரியும். ஹெல்மெட்டில் அதைவிட மங்கலானது, வளைவில் தலை திரும்பும் பக்கம் பார்க்க. மழைத் தூறலில் ஹெல்மெட் லைட்டை அணைத்துவிடுங்கள். துளிகளில் பட்டு வெளிச்சம் கண்ணுக்கே திரும்பும்.

கடற்கரைக்குப் போகும் செம்மண் பாதையில்தான் எனக்குக் கவனம் அதிகம். வெட்டிப்போட்ட செம்பனை மட்டையின் முள் டயரைத் துளைத்துவிடும். டியூப்லெஸ் டயரில் ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவம் ஊற்றி வையுங்கள், உபரி டியூப் ஒன்றும் பையில் இருக்கட்டும். பாதை நடுவே மாடுகள் படுத்திருக்கும்; தூரத்தில் கண்கள் மின்னினால் வேகத்தைக் குறையுங்கள், மணியடித்து மிரட்டாதீர்கள். எலி தேடிக் கருநாகம் வரும். அது கண்ணைக் குறிவைத்து விஷம் துப்பும் இனம், ஆகவே நிறமில்லாத கண்ணாடி அணியாமல் யாரும் என்னோடு வர முடியாது. பாம்பைக் கண்டால் நின்று, அது போகும்வரை காத்திருங்கள்.

தோட்டத்து நிலத்தைக் கடப்பதென்றால் பகலிலேயே அனுமதி வாங்குங்கள். கேட்டில் இருக்கும் ஜாகாவிடம் (காவலாளி) எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பேரிங் பக்கம் வேகமாகப் பீய்ச்ச வேண்டாம், உப்பும் மணலும் உள்ளே போய்விடும். செயினைத் துணியால் துடைத்து, காய்ந்ததும் கணுவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், பிரேக் டிஸ்க்கில் படாமல். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் துரு ஏற ஆரம்பித்துவிடும்.