சமயத்தையும் விஞ்ஞானத்தையும் சேர்த்துப் பேசும்போது நடக்கும் தவறுகள்

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குத் திருகோணமலையில் இரண்டு விளக்கங்கள் உண்டு. இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்தபோது உண்டானவை என்பது ஒன்று. மழைநீர் பாறை வெடிப்புகளூடாக ஆழத்துக்கு இறங்கி, நிலத்தடிச் சூட்டில் வெப்பமேறித் திரும்ப மேலே வருகிறது என்பது மற்றது. இவற்றில் எது பொய் என்று கேட்பதுதான் முதல் தவறு. இறந்தவர்களுக்கான கடனை அங்கே ஏன் கழிக்கிறோம் என்று ஐதீகம் சொல்கிறது. தண்ணீர் எப்படிச் சுடுகிறது என்பது அதன் கேள்வியே இல்லை. (அடியில் எரிமலை இருக்கிறது என்பாரும் உண்டு. இலங்கையில் இயங்கும் எரிமலை எதுவும் கிடையாது. அந்தக் கதையைச் சமயமும் சொல்லவில்லை, விஞ்ஞானமும் சொல்லவில்லை.)

அடுத்ததைப் பெரும்பாலும் படித்தவர்களே செய்கிறார்கள். திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில், அண்டங்கள் ‘நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன’ என்று வருகிறது. உடனே, பிரபஞ்சம் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வந்தது என்ற பெருவெடிப்பை மாணிக்கவாசகர் அன்றே சொல்லிவிட்டார் என்று கோயில் மேடையில் முழங்குகிறார்கள். சரி, அப்படியானால் தலைமுறை தலைமுறையாக அதை ஓதியவர்களில் ஒருவருக்குக்கூட அது ஏன் தெரியவில்லை? 1929இல் வானியலாளர் ஹபிள் கலக்சிகள் விலகிப்போவதைக் காட்டிய பிறகுதானே நமக்கு அந்த வரி கண்ணில் படுகிறது! அத்தனை அண்டங்களும் இறைவனுக்கு முன்னால், வீட்டுக்குள் நுழையும் வெயிலில் பறக்கும் தூசி அளவுதான் என்று பாடல் தொடர்கிறது. அந்த வியப்பை விட்டுவிட்டு ‘விரிந்தன’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறோம்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 1948இல் வந்த நிலைபேற்றுக் கொள்கை, பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்றது. அப்போது ‘ஆதியும் அந்தமும் இல்லா’ என்ற திருவெம்பாவை வரியை அதோடு முடிச்சுப் போட்டிருந்தால், 1965இல் பெருவெடிப்பின் எச்சமான அண்டப் பின்புலக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்டு அந்தக் கொள்கை சரிந்தபோது திருவெம்பாவையும் தோற்றதாகிவிடுமா?

பெருவெடிப்புக் கருத்துக்கு வித்திட்ட விஞ்ஞானி லெமைத்தர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கருத்தைக் கடவுளின் படைப்புக்கு ஆதாரமாகக் காட்டிப் பேசியபோது லெமைத்தருக்கு அது பிடிக்கவில்லை. தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ இதே ஆசையோடு வேதம் ஓதுகிறவர்களுக்கும் அவரை உதாரணமாகச் சொல்லலாம்.

தலைகீழான தவறும் உண்டு. திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் பாடிய பதிகத்தில் கடல் முத்தைக் கொழிக்கிறது என்று சம்பந்தர் பாடுகிறார். கோணமலைக் கரையில் முத்து எங்கே என்று கேட்பவர் தன்னை விஞ்ஞானி என்று நினைத்துக்கொள்கிறார். கவிதை வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இவை எல்லாம் வாய்ப்பேச்சு. மனிதரைக் காயப்படுத்தும் தவறு வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடமே சொன்னார்கள். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் புவித்தட்டு நழுவியது; 9.1 அளவில் நிலம் நடுங்கியது. அலை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நம் கரைக்கு வந்தது. அது யாருடைய பாவத்தையும் பார்த்து வரவில்லை. அதற்காக, ‘என் பிள்ளை ஏன் போனது’ என்று அழும் தாய்க்குப் புவித்தட்டைப் பற்றிப் பாடம் எடுக்கவும் கூடாது. அவர் தேவாரம் பாடினால் பக்கத்தில் உட்காருங்கள். எச்சரிக்கைக் கோபுரம் ஒலித்தால் மட்டும், பாட்டை நிறுத்தி அவரையும் மேட்டுநிலத்துக்குக் கூட்டிப்போங்கள்.