"எனக்கு அந்த வகை பிடிக்காது" என்று முடிவு செய்வதற்கு முன்

மொரீஷியஸில் வாசிக்கும் பழக்கம் உள்ள ஒருவரிடம் என்ன மாதிரிப் புத்தகம் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் மொழியோடு சேர்ந்துதான் வரும். நாவல் என்றால் பிரெஞ்சு. படிப்புக்கும் வேலைக்கும் ஆங்கிலம். தமிழ் என்றால் கந்த சஷ்டி கவசம், திருப்புகழ், பள்ளியில் மனப்பாடம் செய்த திருக்குறள். கிரியோலில் நாள் முழுக்கப் பேசுவோம், ஆனால் அதில் ஒரு புத்தகம் வாங்கி வாசிக்கலாம் என்று தோன்றுவதே இல்லை. இப்படி மொழிக்கு ஒரு வகை என்று ஒதுக்கி வைத்துவிட்டு, அதையே நம் ரசனை என்று நினைத்துக்கொள்கிறோம். பள்ளிக்கூடமும் கோயிலும் செய்தித்தாளும் பிரித்துக் கொடுத்த பங்கு அது. நம் தீவு வாசகர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் பெரியதாக நினைக்கிறேன்.

தமிழ் வகுப்பில் பிள்ளைகள் "மிஸ், தமிழ்ல துப்பறியும் கதையெல்லாம் இருக்கா?" என்று வியப்போடு கேட்பார்கள். இருக்கிறது, நூறு ஆண்டுக்கு மேலாகவே இருக்கிறது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மர்ம நாவல்களை எழுதிக் குவித்தார்கள். பிறகு பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் விற்ற மாத நாவல்கள் வந்தன. ரோபோவும் விண்வெளியும் வரும் கதைகளை சுஜாதா எழுதினார். ஏ.கே. செட்டியார் நாடு நாடாகச் சுற்றிப் பயண நூல்கள் எழுதினார். தமிழை வழிபாட்டோடும் தேர்வோடும் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இவை இருப்பதே தெரியாது. தெரியாத ஒன்றைப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

சரி, இந்தப் பிரிவினையை உடைக்கலாம் என்று கிளம்புகிறவர்களும் ஓர் இடத்தில் தவறுகிறார்கள். பிரெஞ்சில் தங்களுக்குப் பிடித்த வகையையே தமிழிலும் தேடி எடுக்கிறார்கள். பிரெஞ்சில் ஒரே மாலையில் முடிக்கிற குற்றக்கதை, தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது வாரக்கணக்கில் இழுக்கும். குற்றக்கதைக்கு வேகம்தான் உயிர். யார் எங்கே இருந்தார், கதவு எப்போது பூட்டியிருந்தது, யார் பொய் சொன்னார் என்பதெல்லாம் வாசகர் மனதில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். நாற்பதாம் பக்கத்தில் கண்ணில் பட்ட சாவி நூறாம் பக்கத்துக்குள் மறந்துபோனால் முடிச்சு அவிழும்போது எந்தச் சுவையும் இருக்காது. அப்புறம் "தமிழில் மர்மக் கதை எடுபடாது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கதையில் குறை இல்லாமலே அதன்மேல் பழி விழுகிறது.

அதனால் எந்த மொழியில் எவ்வளவு வேகமாக வாசிக்கிறீர்கள் என்று பார்த்து வகையைத் தேர்ந்தெடுங்கள். மெதுவாக வாசிக்கும் மொழியில் சிறுகதை, கவிதை, பயணக் கட்டுரை, தன்வரலாறு ஆகியவை நன்றாகப் பொருந்தும். இரண்டு நாள் விட்டுவிட்டு வந்தாலும் நூல் அறுந்துபோகாது. நான் அடிக்கடி பரிந்துரைப்பது உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. அது 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்ததால் அத்தியாயங்கள் சிறியவை. ஓர் அத்தியாயத்தில் ஓர் ஊர், ஓர் ஆசிரியர், ஒரு பாடம் என்று நிதானமாகப் போகும். தமிழும் தெளிவாக இருக்கும். இப்படி ஒரு புத்தகத்தில் கை பழகிய பிறகு குற்றக்கதைக்குப் போனால் கதையே வேறு மாதிரி இருக்கும். வேகமாக வாசிக்கும் மொழியில் இதற்கு நேரெதிரான ஆபத்து உண்டு. பிரெஞ்சுக் கவிதைத் தொகுப்பைச் செய்தித்தாள் வேகத்தில் ஓட்டிவிட்டு, "இதில் ஒன்றும் இல்லை" என்று மூடிவிடுவோம்.

ஒரு வகைக்குள் அதன் மிகப் பெரிய புத்தகத்தின் வழியாக நுழைவதும் பலர் செய்வது. 'பொன்னியின் செல்வன்' 2022இலும் 2023இலும் படமாக வந்ததைப் பார்த்துவிட்டு, ஐந்து பாகங்களையும் ஒரேயடியாக வாசித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தவர்கள் உண்டு. முதல் பாகத்தைத் தாண்டுவதற்குள் களைத்துப்போய், வரலாற்று நாவலே நமக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடுவார்கள். கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக எழுதினார். ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்க வைக்க வேண்டும், அதனால்தான் கடைசி வரியில் ஒரு திடுக்கிடல் வைக்கிறார். வாரம் முழுக்க இடைவெளி விட்டு ரசிக்க எழுதிய திடுக்கிடல்களை ஒரே மூச்சில் இருபது முப்பது என்று விழுங்கினால் சலிக்காமல் என்ன செய்யும்? இரவுக்கு ஓர் அத்தியாயம், மிஞ்சினால் இரண்டு என்று வாசித்தால் அது எழுதப்பட்ட வேகத்திலேயே உங்களுக்குக் கிடைக்கும். அதுவும் கனமாகத் தெரிந்தால் சிறிய வரலாற்று நாவல் ஒன்றில் தொடங்குங்கள், வகைக்குள் நுழைய அதுவே போதும்.

பாடப்புத்தகத்தை வைத்து ஒரு வகையைத் தள்ளிவிடுவதும் இதோடு சேரும். நாடகம் என்ற வகையே பலருக்குத் தேர்வு நினைவாக நின்றுபோயிருக்கிறது. ஷேக்ஸ்பியர் என்றால் குறிப்புரை, மனப்பாடம், மதிப்பெண். இவர்களுக்கு நான் சொல்வது தேவ் விராசாமியின் கிரியோல் நாடகங்கள். அவர் ஷேக்ஸ்பியரைக் கிரியோலுக்குக் கொண்டுவந்தார். 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தை அடியொற்றி 1991இல் 'தூஃபான்' எழுதினார். நாடகம் காதால் கேட்க எழுதப்படுவது. சந்தையிலும் பேருந்திலும் நாம் பேசுகிற மொழியில் அதை இரண்டு பேர் மாற்றி மாற்றி உரக்க வாசித்தால், தேர்வறையில் செத்துக் கிடந்த வகை எழுந்து நடக்கும். கிரியோலை எழுத்துமொழியாக வாசிப்பது முதலில் கண்ணுக்கு அந்நியமாக இருக்கும். அதற்கு முறையான எழுத்திலக்கணம் 2011இல்தான் வந்தது, 2012இல் தொடக்கப்பள்ளியில் பாடமானது. அதற்கு முன் படித்தவர்கள் சில பக்கம் பொறுமையாக இருக்க வேண்டும்.

இனி நம் தீவுக்கே உரிய இன்னொன்று, எனக்கு மிகவும் உறுத்துவது. புத்தகத்தையும் சமூகவாரியாகப் பார்க்கிறோம். இந்தி நாவல் அவர்களுக்கு, பிரெஞ்சு நாவல் இவர்களுக்கு, நமக்கு நம்மவர் எழுதியது என்று வைத்துக்கொண்டால் நம் கதையே நமக்கு அரைகுறையாகத்தான் கிடைக்கும். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் போர்ட் லூயிஸ் துறையில் இறங்கினார்கள். அந்த வரலாற்றைத் தமிழில் மட்டும் தேடுகிறவருக்குக் கிடைப்பது குறைவு. அபிமன்யு உன்னுத் 1977இல் இந்தியில் எழுதிய 'லால் பசீனா' இதைப் பற்றித்தான், அதற்குப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் உண்டு. நதாஷா அப்பானா 2003இல் வெளியிட்ட முதல் பிரெஞ்சு நாவல் இந்தியாவிலிருந்து கப்பலேறியவர்களின் பயணத்தைச் சொல்கிறது. பாரதியாரின் 'கரும்புத் தோட்டத்திலே' பீஜித் தீவைப் பற்றிய பாட்டு. ஆனால் நம் பாட்டன் பூட்டிமாரும் வெட்டியது கரும்புதான், படிக்கும்போது தொண்டை அடைக்கும். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன.

ஒரு பாட்டு, இரண்டு நாவல்கள், ஓர் ஆவணக் காப்பகம். வகை மூன்று, பொருள் ஒன்றுதான். புது வகைக்குள் போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வகையை மாற்றும்போது பொருளையும் சேர்த்து மாற்றினால் இரண்டு பக்கமும் இருட்டாக இருக்கும். உங்களுக்கு ஏற்கெனவே அக்கறை உள்ள ஒன்றை, கடலோ சமையலோ கால்பந்தோ குடும்பச் சண்டையோ, கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வகைக்குள் போங்கள். வரலாறு என்றாலே கொட்டாவி விடுகிறவர்களுக்கு அப்பானா 2007இல் எழுதிய நாவலைக் கொடுத்துப் பார்க்கலாம். ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளை 1940 முதல் 1945 வரை பிரிட்டிஷ் அரசு நம் போ பாஸின் சிறையில் அடைத்து வைத்திருந்தது. அந்தப் பின்னணியில் வரும் ஒரு சிறுவனின் கதை அது. அதை வாசித்து முடித்த கையோடு வரலாற்று நூலைத் தேடிப் போகிறவர்கள் உண்டு.

எந்த வகைக்கும் மேல் கீழ் பார்க்க வேண்டாம். காதல் கதை வாசிக்கிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு அதை மறைத்து வைப்பவர், தன் ரசனையில் பாதியைத் தானே அழித்துவிடுகிறார். பிள்ளைகள் டின்டினும் ஆஸ்டெரிக்ஸும் வாசித்தால் "இதெல்லாம் படிப்பா?" என்று பிடுங்காதீர்கள். படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் பின்தொடர்வது தனித் திறமை.

ஆரம்பித்த புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்ற வைராக்கியமும் தேவையில்லை. நிறுத்தும்போது ஏன் நிறுத்துகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். புரியாமல் நிறுத்துவதும் பிடிக்காமல் நிறுத்துவதும் ஒன்றல்ல. வட்டாரப் பேச்சு தெரியாததால் திணறினால் அந்த எழுத்தாளரை ஒரு வருடம் கழித்து மறுபடி எடுக்கலாம், வகையைக் குறை சொல்ல வேண்டாம். வார்த்தை எல்லாம் புரிந்தும் மனம் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் மூடிவிடுங்கள்.

நூலகத்தில் கேட்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். கியூர்பிப்பின் கார்னெகி நூலகத்திலோ உங்கள் ஊர் நகராட்சி நூலகத்திலோ போய் "நல்ல புத்தகம் ஒன்று கொடுங்கள்" என்றால், பரிசு வாங்கியது எதுவோ அதுதான் கைக்கு வரும். கடைசியாகப் பிடித்த புத்தகத்தைச் சொல்லுங்கள், அதில் எந்த இடம் பிடித்தது என்றும் சொல்லுங்கள். "அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளாமல் இருக்கும் பகுதிகள்தான் பிடித்தன" என்று ஒருவர் சொன்னால், நூலகர் அவருக்கு நாவல், நாடகம், நினைவுக்குறிப்பு என்று எதிலிருந்தும் எடுத்துக் கொடுக்க முடியும்.

தமிழ்ப் புத்தகம் இங்கே கிடைப்பதில்லை என்பது நியாயமான குறைதான். கடைகளில் உள்ள தமிழ் அலமாரி சிறியது, இந்தியாவிலிருந்து வரவழைத்தால் புத்தக விலையைவிட அஞ்சல் செலவு அதிகமாகிவிடும். ஆனால் சோதித்துப் பார்க்கும் கட்டத்தில் அச்சுப் புத்தகம் வேண்டியதில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் சங்கப் பாடல் முதல் இருபதாம் நூற்றாண்டு நாவல் வரை இலவசமாக இருக்கிறது, 'என் சரித்திர'மும் 'பொன்னியின் செல்வ'னும் உட்பட. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளை அப்படியே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு முதல் இரண்டு அத்தியாயம் வாசியுங்கள். மனம் பிடித்தால், இந்தியாவுக்குப் போகும் உறவினரிடம் அச்சுப் பிரதி ஒன்று வாங்கிவரச் சொல்லலாம்.