"எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?" மாணவர் ஆய்வில் மாதிரி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கக் கல்லூரித் திட்டப்பணியோ, பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வேடோ, மாதிரியின், அதாவது எல்லாரிடமும் கேட்க முடியாததால் நாம் தேர்ந்தெடுத்துக் கேட்கும் சிலரின், எண்ணிக்கையைப் பற்றிய கேள்விதான் முதலில் எழுகிறது. உண்மையில் அது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. யாரைப் பற்றிப் பேசப் போகிறோம், அவர்களை எந்த வழியில் அடையப் போகிறோம் என்ற இரண்டும் முடிவான பிறகுதான் எண்ணிக்கைக்குப் பொருள் வரும்.

"சிங்கப்பூர்த் தமிழ் இளையர்கள் வீட்டில் எவ்வளவு தமிழ் பேசுகிறார்கள்?" என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். இளையர் என்றால் எந்த வயது? தேசிய இளையர் மன்றத்தின் கணக்கு 15 முதல் 35 வரை. பதினாறு வயது மாணவியும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான முப்பத்து நான்கு வயதுப் பெண்ணும் அதில் அடக்கம். வீட்டில் மலையாளம் பேசிப் பள்ளியில் தமிழ் படிப்பவர் சேர்த்தியா? தமிழ்க் குடும்பத்தில் பிறந்து பள்ளியில் இந்தி எடுத்தவர்? வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்? இவற்றை முடிவுசெய்யாமல் படிவத்தை அனுப்பிவிட்டால், பதில்கள் வந்த பிறகு யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று திணற வேண்டியிருக்கும். அப்போது எடுக்கும் முடிவு, விரும்பிய விடையின் பக்கம் சாயாமல் இருப்பது கடினம்.

இதன் தொடர்ச்சியாக இன்னொரு தவறும் நடக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர் 9 விழுக்காடு என்பதைத் தமிழர் விழுக்காடாக எழுதிவிடுவார்கள். அந்த 9-இல் மலையாளிகள், பஞ்சாபியர், குஜராத்தியர் எல்லாரும் அடங்குவர். மேலும் அது குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே வைத்துக் கணக்கிட்ட விகிதம். வெளிநாட்டு ஊழியர்கள் கலந்த மாதிரியை அதன் அருகே வைத்து ஒப்பிட முடியாது.

அடுத்தது இடம். ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நின்றால் இரண்டு மணி நேரத்தில் ஐம்பது பேர் கிடைப்பார்கள். ஆனால் அன்று அங்கே கூடுவோரில் பெரும்பகுதியினர் வார விடுமுறையில் வந்த வெளிநாட்டு ஊழியர்கள். ஊழியர் நலன் பற்றிய ஆய்வுக்குப் பொருத்தமான இடம், இங்கேயே பிறந்து வளர்ந்த இளையரைப் பற்றியதற்கு அல்ல. ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகளில் படிவம் கொடுப்பதும் அப்படித்தான். விடுமுறை நாளில் தமிழ் நிகழ்ச்சிக்கு வந்தவரிடம் தமிழ்மேல் ஆர்வம் உண்டா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

பெருந்திரளான எண்ணிக்கை இந்தச் சாய்வைச் சரிசெய்துவிடும் என்று நம்பக் கூடாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். குடியரசுக் கட்சி வேட்பாளர் லேண்டன் வெல்வார் என்றது இதழ். அவரை எதிர்த்து நின்ற அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். பெயர்கள் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும் திரட்டப்பட்டவை என்பதோடு, பதில் அனுப்ப அக்கறைப்பட்டவர்களின் சாய்வும் சேர்ந்துகொண்டது.

இன்று அந்த இடத்தில் வாட்ஸ்ஆப் இருக்கிறது. கூகல் படிவத்தின் இணைப்பைக் குழுவில் போட்டு "தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள்" என்று எழுதிய கணத்திலேயே, எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு கைநழுவிவிடும். 80 பதில் வந்தது என்று சொல்லலாம், எத்தனை பேரில் 80 என்று சொல்ல முடியாது. வேறு வழியே இல்லையென்றால் ஒவ்வொரு குழுவுக்கும் படிவத்தின் தனிப் பிரதி ஒன்றைச் செய்து அனுப்புங்கள்; அன்றைய குழு உறுப்பினர் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்; மற்றவர்க்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் விகிதமாவது கிடைக்கும்.

எம்ஆர்டி நிலைய வாசலில் கண்ணில் பட்டவரை நிறுத்திக் கேட்பதை "சமவாய்ப்பு மாதிரி" என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை. சிரித்த முகத்தோடு மெதுவாக நடப்பவரைத்தான் நம் கால்கள் தேடிப்போகும். சமவாய்ப்பு என்றால் ஒவ்வொருவருக்கும் தேர்வாக ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும்; அதற்குப் பட்டியல் வேண்டும். 240 பேர் கொண்ட பட்டியலிலிருந்து 60 பேர் தேவை என்றால், எக்செல்லில் பெயருக்குப் பக்கத்து நிரலில் தற்செயலான எண்ணைத் தரும் ரேண்ட் (RAND) சூத்திரத்தைப் போடுங்கள். தாளைத் தொடும்போதெல்லாம் அந்த எண்கள் மாறும். ஆகவே நகலெடுத்து மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிட்டு, இரண்டு நிரல்களையும் சேர்த்தே வரிசைப்படுத்தி, முதல் 60 பெயரை எடுங்கள். எண் நிரலை மட்டும் வரிசைப்படுத்தினால் பெயர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நான்கில் ஒருவர் என்று முறைவைத்தும் எடுக்கலாம். தொடக்க எண்ணை 1 முதல் 4-க்குள் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும் ஒழுங்கைக் கவனியுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றில் தளத்துக்கு எட்டு வீடு இருந்து, நீங்களும் எட்டில் ஒன்று எடுத்தால், கீழிருந்து மேல்வரை ஒரே செங்குத்து வரிசை வீடுகள்தான் வரும். எல்லாம் ஒரே வகை வீடாக இருக்க வாய்ப்புண்டு. தேர்வான வீட்டில் ஆள் இல்லையென்று பக்கத்து வீட்டைத் தட்டாதீர்கள். பகலில் வீட்டிலிருப்போர் மட்டுமே மிஞ்சுவார்கள். வேறு வேறு நேரத்தில் மூன்று முறையாவது திரும்பப் போக வேண்டும்.

இனி எண்ணிக்கை. 95 விழுக்காடு நம்பிக்கை, ஐந்து புள்ளிப் பிழை வரம்பு (இப்படி நூறு முறை மாதிரி எடுத்தால் ஏறத்தாழ 95 முறை விடை உண்மை விழுக்காட்டிலிருந்து ஐந்து புள்ளிக்குள் இருக்கும்) என்றால் 385 பேர் என்பது பெரிய மக்கள்தொகைக்கான கணக்கு. மொத்தமே 300 பேர் உள்ள தொகுதிக்கு 169 போதும். 100 பேர் என்றால் பிழை வரம்பு ஏறத்தாழ பத்துப் புள்ளி. அந்த 100-ஐ நான்காகப் பிரித்து ஒப்பிடத் தொடங்கினால், 25 பேர் கொண்ட ஒவ்வொரு பிரிவிலும் அது இருபதாகும். பத்துப் புள்ளி வித்தியாசத்தை அங்கே கண்டுபிடிப்பாகக் கொண்டாட முடியாது. இந்தக் கணக்குகளெல்லாம் சமவாய்ப்பு மாதிரிக்கே பொருந்தும் என்பதையும் மறக்க வேண்டாம். சென்ற சோதனை ஓட்டத்தில் ஐந்தில் இருவர்தான் பதில் தந்தார்கள் என்றால், 60 பதிலுக்கு 150 பேரை அழைக்க வேண்டும்.

சிறுபான்மைப் பிரிவை ஆராயும்போது இன்னொரு சிக்கல் உண்டு. குடியிருப்பாளர் 100 பேரைக் குலுக்கலில் எடுத்தால் இந்தியர் ஒன்பது பேர் வரலாம். 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு, ஆக இரண்டு மூன்று பேர்தான். இனங்களை ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தனித்தனியே போதிய ஆளை எடுத்து, மொத்த விகிதம் சொல்லும்போது எடையிட்டு, அதாவது ஒவ்வொரு பிரிவுக்கும் மக்கள்தொகையில் அதற்குள்ள பங்கின்படி மதிப்புக் கொடுத்து, சரிசெய்ய வேண்டும்.

நேர்காணல் ஆய்வுக்கு இந்தச் சூத்திரம் எதுவும் வேண்டாம். பன்னிரண்டு பேரிடம் ஆழமாகப் பேசிவிட்டு "33 விழுக்காட்டினர் கருதுகின்றனர்" என்று எழுதுவதுதான் அங்கே தவறு. நான்கு பேர் என்றே எழுதுங்கள். ஒரே நட்பு வட்டத்திலிருந்து பன்னிரண்டு பேரை எடுக்காமல், பள்ளி, வீட்டுமொழி, வயது ஆகியவற்றில் வேறுபட்டவர்களைத் தேடுங்கள்.

அனுமதியைக் கடைசியில் கேட்பது பலரின் கால அட்டவணையைக் கவிழ்க்கிறது. பள்ளி மாணவர்கள் என்றால் பள்ளியின் ஒப்புதலும் பெற்றோர் சம்மதமும் தேவைப்படும். துணைப்பாட ஆசிரியர் தம் சொந்த மாணவர்களிடமே கேட்டால், மறுக்க அவர்களுக்குத் தயக்கமாக இருக்கும். வேறொருவர் மூலம் கேளுங்கள். பரிசுப் பற்றுச்சீட்டு தருவதாயின் தொலைபேசி எண்ணைத் தனிப் படிவத்தில் வாங்குங்கள், பதிலோடு சேராமல் இருக்கட்டும். அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே வேண்டாம். 2019 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்களே அதைத் தக்க காரணமின்றிச் சேகரிக்க முடியாது.

ஆய்வேட்டின் வரம்புகள் பகுதியில் "நேரமின்மையால் மாதிரி சிறியது" என்று ஒரு வரி எழுதுவதால் பயனில்லை. சாய்வு எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்: "பதிலளித்தோர் இரண்டு தமிழ் மன்றங்களின் உறுப்பினர்கள், ஆகவே வீட்டில் தமிழ் பேசும் அளவு இங்கே கூடுதலாகத் தெரியக்கூடும்." பிறகு தலைப்பையும் அதற்கேற்பச் சுருக்கிக்கொள்ளலாம்: "இரண்டு தமிழ் மன்ற உறுப்பினர்களின் வீட்டுமொழிப் பழக்கம்."