பாட்டா பெட்டியில் சங்குக் காசு: நாணயம் சேர்க்கத் தொடங்குவது எப்படி?

நாணயம் சேர்க்க ஆசை வந்ததும் பலர் நேராகக் கடைக்குப் போகிறார்கள். குமரி மாவட்டத்துக்காரர்கள் முதலில் வீட்டைத் தேட வேண்டும். 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால் நம் ஊர்கள் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவை. அந்த அரசு தன் பெயரில் நாணயம் அடித்தது. பாட்டாவின் (தாத்தாவின்) பழைய மரப்பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், சங்கு பொறித்த செப்புக்காசு ஒன்றாவது விழலாம்.

காசு கிடைத்ததும் கையை அடக்குங்கள். இதுதான் முதல் படி, பலர் தவறுவதும் இங்கேதான். புளி, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். எட்டாம் வகுப்பில் நான் ஒரு செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. ஆனால் அந்தப் பழுப்பு நிறத்துக்குத்தான் மதிப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. போன நிறம் திரும்பவில்லை. மண் ஒட்டியிருந்தால் வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறவிட்டு, தேய்க்காமல் உலர விடுங்கள், போதும்.

அடுத்தது, காசைப் படிப்பது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளிச் சக்கரம் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அதனால் குழி வெட்டிய பலகையில் பரப்பித்தான் எண்ணினார்கள். சில நாணயங்களில் 1116 போன்ற எண் இருக்கும். பயந்துவிட வேண்டாம், அது மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு. 824 அல்லது 825 கூட்டினால் 1940-41 என்று வந்துவிடும்.

இன்றைய சில்லறையையும் ஒதுக்காதீர்கள். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் அடித்த இடம் மும்பை நாணயசாலை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர் நாணயம் நம் மாவட்டத்துத் தொகுப்பில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன்.

சரி, வாங்கும்போது? ஆங்கிலேய அரசர் ஐந்தாம் ஜார்ஜ் உருவம் பொறித்த வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். தேயாத ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் வெள்ளி ஏறக்குறைய 10.7 கிராம். தெரிந்த நகைக்கடையில் நிறுத்துப் பாருங்கள். தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம், ஒரு கிராம் குறைந்தால் விட்டுவிடுங்கள். காந்தத்தில் ஒட்டினாலும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தாலும் அது போலி. அப்புறம் லென்ஸில் அரசரின் கிரீடம், தாடி, அங்கியில் உள்ள யானை ஆகியவற்றைப் பாருங்கள். 1911 ரூபாயில் அந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, 1912-இல் உருவத்தை மாற்றினார்கள். எளிதில் கிடைக்கும் ஆண்டுகளின் தேய்ந்த ரூபாய்க்கு அன்றைய வெள்ளி விலையை ஒட்டிக் கொடுத்தால் போதும்.

“பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்” என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி 2021-இலேயே இதை எச்சரித்திருக்கிறது. தோண்டும்போது புதையலாகக் காசு கிடைத்தால் ஆட்சியரிடம் தெரிவிப்பது சட்டம்.

கடற்காற்றில் செம்பு சீக்கிரம் பச்சை பூக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பைகளில் போடாமல், காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். உறையின் மேல் ஆண்டு, எடை, யாரிடமிருந்து கிடைத்தது மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.